பேட்ஜ் இல்லாத பழைய டிரம் செட்: எந்த ஊர் சரக்கு, எப்படிச் சரிசெய்வது?

கேட்பவர், கோத்தகிரி

எஸ்டேட் கிளப் ஸ்டோர் ரூமில் கிடந்த நாலு பீஸ் டிரம் செட் இப்போ எங்க சர்ச் பாடகர் குழுவுக்கு வந்திருக்கு. பேஸ் 20 இன்ச், டாம் 12, ஃப்ளோர் டாம் 14, ஸ்நேர் 14. எதிலயும் கம்பெனி பெயர் போட்ட பேட்ஜ் இல்லை. காற்றுத் துளை மட்டும் இருக்கு, அதைச் சுற்றி பேட்ஜ் ஒட்டியிருந்த தடம்கூட இல்லை. வெளியே சிவப்பு ஸ்பார்க்கிள் ராப், அதாவது மரத்து மேல ஒட்டின பிளாஸ்டிக் உறை. வெயில் பட்ட பக்கம் ஆரஞ்சு நிறமா வெளுத்திருக்கு. உள்ளே செம்பழுப்பு மரம், மேல் விளிம்பிலயும் கீழ் விளிம்பிலயும் வெளிர் நிற மர வளையம் ஒட்டியிருக்கு. ஸ்நேர் மட்டும் ஸ்டீல்.

சிக்கல் இவ்வளவு: பேஸில் மூணு டென்ஷன் ராடு (ஹெட்டை இறுக்கும் திருகுக் கம்பி) அசையவே இல்லை. ஃப்ளோர் டாமுக்குப் புது 14 இன்ச் ஹெட் (அடிக்கிற மேல் படலம்) வாங்கினா உள்ளே இறங்க மாட்டேங்குது. அதே டாமின் கீழ் விளிம்பில் ப்ளை (ஒட்டின மர அடுக்கு) ஒரு சாண் நீளத்துக்குப் பிரிஞ்சு நிக்குது. கடையில் வாங்கின புது ராடு ரெண்டு மூணு சுற்று போய் இறுகிடுது. ராப்பை முழுசா உரிச்சுட்டு பாலிஷ் போடச் சொல்றாங்க. செய்யலாமா?

டிரம் டெக், ஊட்டி

உரிக்காதீங்க. முதலில் அளந்துடுங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்க சொன்ன செம்பழுப்பு மரத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. துளைகள் பெரிசா, நார் முரடா, நகத்தால் அழுத்தினா பதியற அளவு மென்மையா இருந்தா அது லுவான் என்ற மரம். லுவான் ஷெல் (டிரம்மின் உடல்), விளிம்பு வளையம், மெலிசான ரிம் (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையம்) மூணும் சேர்ந்தா பெரும்பாலும் 1960கள், 70களின் தொடக்க ஜப்பான் சரக்கு. அந்தக் காலத்தில் பேர்ல் கம்பெனி முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவரவர் பெயரில் டிரம் செஞ்சு கொடுத்தது. மேக்ஸ்வின், மெஜஸ்டிக், அப்போலோ எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ஹோஷினோ கம்பெனி ஸ்டார் என்ற பெயரில் செஞ்சது. டாமா என்ற பெயர் 1974இல்தான் வந்தது. பேட்ஜே ஒட்டாமல் போனதும் உண்டு. அதனால் பெயரைத் தேடி அலையறதைவிட லக் (ஷெல்லில் ராடு திருகி ஏறும் உலோகக் கூடு) வடிவத்தையும், பேஸின் கால்கள் ஷெல்லில் மாட்டியிருக்கும் விதத்தையும் படம் எடுத்து ஒப்பிடுறது பலன் தரும்.

மலையில் பழைய டிரம் என்றாலே இங்கிலாந்து கம்பெனி பிரீமியர்னு சொல்லிடுவாங்க. பிரீமியரின் பழைய ஷெல் பிர்ச் மரம், வளையம் பீச். ரெண்டுமே வெளிர் நிறம். உங்களுடையது அது இல்லை. உத்தரப் பிரதேச மீரட் பட்டறை வேலையா இருந்தால் லக் துளைகளின் இடைவெளி ஒரே சீரா இருக்கான்னு பாருங்க. கையால் குறிச்சுத் துளைச்சது கண்ணுக்கே தெரியும்.

இப்போ அளவு. துணி டேப்பால் ஃப்ளோர் டாமின் சுற்றளவை மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே எடுங்க. 14 இன்ச் என்றால் 355.6 மி.மீ. விட்டம், சுற்றளவு 1117 மி.மீ. ராப்பையும் சேர்த்து இதைவிடக் குறைவா இருந்தால்தான் ஹெட் தாராளமா உட்காரும். அடுத்து, ராப் எவ்வளவு தடிமன், பழைய ராடின் வெளிவிட்டம் எவ்வளவுன்னு வெர்னியரில் பாருங்க. கூடவே 24 மி.மீ. நீளத்தில் எத்தனை மரை இருக்குன்னு எண்ணுங்க.

மரவேலை செய்பவர், குன்னூர்

ப்ளை பிரிஞ்சதுக்கு நான் சொல்றேன். ஈரத்தோட ஒட்டினா மறு வருஷமே பிரியும். ஸ்டோர் ரூமில் கிடந்த ஷெல் பனி குடிச்சிருக்கும். ஹெட், ரிம் எல்லாம் கழட்டிட்டு, ஆள் புழங்கற அறையில், சுவரை ஒட்டாமல் வெச்சிடுங்க. வாரம் ஒருமுறை தராசில் எடை போடுங்க; ரெண்டு வாரம் அடுத்தடுத்து எடை மாறலைன்னா காஞ்சிடுச்சு. அடுப்பு, ஹீட்டர் பக்கம் வேண்டாம். சீக்கிரம் காயட்டும்னு மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வைக்கிறதும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, நல்லா இருக்கிற ஒட்டும் விட்டுடும், ஷெல் முட்டை வடிவம் ஆயிடும்.

உளு துளை இருக்கான்னும் பாருங்க. ஷெல்லை வெள்ளைத் தாள் மேல் வெச்சுத் தட்டினா மாவு மாதிரி பொடி கொட்டினா பூச்சி இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதை முடிச்சுட்டுத்தான் பசை.

பசை, தண்ணி தாங்கற மர ஃபெவிகால். பிரிஞ்ச இடத்தில் மெலிசான கத்தியை விட்டுப் பழைய பசைத் தூளைச் சுரண்டி ஊதி எடுங்க. ஊசி சிரிஞ்சில் பசையை ஆழமா ஏத்துங்க. உள்ளேயும் வெளியேயும் மெழுகுத்தாள் வெச்சு, ஷெல் வளைவுக்குச் செதுக்கின மரத்துண்டு கொடுத்து, ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப் போடுங்க. நம்ம ஊரில் பலரும் கவனிக்காத விஷயம் குளிர்தான். 10 டிகிரிக்குக் கீழே போனா இந்தப் பசை படலமாகாது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியா நிக்கும். மார்கழி ராத்திரி கோத்தகிரியில் அந்தக் குளிர் சாதாரணம். அதனால் மத்தியானம் ஒட்டி, ராத்திரி வீட்டுக்குள்ள வெச்சு, ரெண்டு நாள் கிளாம்பைத் தொடாதீங்க.

கேட்பவர், கோத்தகிரி

நன்றிண்ணா, ரொம்ப உதவியா இருக்கு. அளந்தேன். சுற்றளவு 1119, ராப் 0.8 மி.மீ. பழைய ராடு 5.9 மி.மீ., 24 மி.மீ.க்கு 24 மரை. மரம் லுவான்தான், நகம் பதியுது. தாளில் பொடி எதுவும் விழலை. ராப்பைத் துணியால் தேய்ச்சா லேசா கற்பூர வாசனை வருது. பேஸ் முன்பக்கம் தோல் ஹெட். காலையில் தொளதொளன்னு ஆயிடுது.

டிரம் டெக், ஊட்டி

கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்ட் என்ற பழைய வகை பிளாஸ்டிக். சட்டெனத் தீப்பிடிக்கும். ஹாட் ஏர் கன், மெழுகுவர்த்தி, கிரைண்டர் எதுவும் அதன் கிட்ட வேண்டாம். உரிக்க வேண்டாம்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ராடு விஷயம் தெளிவாயிடுச்சு. 1 மி.மீ.க்கு ஒரு மரை, 6 மி.மீ. தடிமன், உங்க லக் எம்6. இப்போ கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் 12-24 என்ற இன்ச் கணக்கு அளவு: 5.5 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.06 மி.மீ. தடிமன் குறைவு என்பதால் உள்ளே நுழையும். சுற்றுக்குச் சுற்று 0.06 மி.மீ. விலகிக்கிட்டே போய் இறுகும். இன்னும் பலம் கொடுத்தால் லக்குக்குள் இருக்கும் நட் போச்சு. எம்6 ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட், தலைக்கு அடியில் வாஷர், இது போதும். பார்க்க அழகா இருக்காது, ஆனா டியூன் நிற்கும். அழகு வேணும்னா கோயம்புத்தூர் லேத் பட்டறையில் சதுரத் தலையோட எம்6 ராடு செஞ்சு வாங்கலாம். மாதிரிக்குப் பழைய ராடு ஒண்ணும் டிரம் கீயும் சேர்த்துக் கொடுங்க.

இறுகின மூணு ராடுக்கு: துரு இளக்கும் எண்ணெயை மரத்திலும் ராப்பிலும் படாமல் நட் வாயில் மட்டும் விட்டு ஒரு நாள் விடுங்க. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, அப்புறம் தளர்த்தும் பக்கம்; இப்படி மாத்தி மாத்தி. லக் துத்தநாக வார்ப்பு, மேலே குரோம். இதில் கேஸ் டார்ச் காட்டினால் உருகிடும், சிட்ரிக் அமிலத்தில் போட்டால் அரிச்சிடும். லக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி மட்டும். ஸ்டீல் ரிம்மை லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் கலந்து ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு, சோடா உப்புத் தண்ணியில் அலசி, உடனே துடைச்சு எண்ணெய் தடவுங்க. லக்குக்குள் ஸ்பிரிங் இருந்தால் அதில் கொஞ்சம் பஞ்சு அடைங்க; இல்லாட்டி ஒவ்வொரு அடிக்கும் ரீங்காரம் வரும்.

ஹெட் இறங்காததுக்குக் காரணம் ராப்தான். 1119ஐ 3.1416ஆல் வகுத்தால் 356.2. ரெண்டு பக்க ராப் 1.6 போனால் மரம் 354.6, அது சரியான அளவு. மேல் விளிம்பிலிருந்து 12 மி.மீ. கீழே பென்சில் கோடு போட்டு, புது பிளேடால் ராப்பை மட்டும் லேசா லேசா கீறி அந்தப் பட்டையை எடுங்க. ரிம் மாட்டினால் வெட்டு வெளியே தெரியாது. கீழ் விளிம்புக்கும் அதே.

விளிம்பு சமமான்னு பார்க்க, கிரானைட் மேடையில் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே விளக்கு வெச்சு, அறையை இருட்டாக்குங்க. வெளிச்சம் கசியும் இடத்தில் சாதாரணத் தாள் நுழைஞ்சால் 0.1 மி.மீ. பள்ளம். 150 நம்பர் உப்புத்தாளை மேடையில் ஒட்டி ஷெல்லைச் சுற்றித் தேயுங்க. பத்து சுற்றுக்கு ஒருமுறை பிடியை மாத்துங்க, இல்லாட்டி ஒரு பக்கம் தாழும். உங்க ஷெல்லில் விளிம்பு உருண்டையா இருக்கும். அதைக் கூரா 45 டிகிரிக்கு வெட்டச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. லுவான் மென்மையான மரம், கூர் நிற்காது, பழைய சத்தமும் போயிடும்.

தோல் ஹெட் பனியில் தளர்வது இயல்பு, பறையைத் தீயில் காட்டுவதும் இதனால்தான். ஆனா செல்லுலாய்ட் ராப் பக்கத்தில் தீ கூடாது. தோலைக் கழட்டிப் பத்திரப்படுத்திட்டு பிளாஸ்டிக் ஹெட் போடுங்க.

மரவேலை செய்பவர், குன்னூர்

ராப் ஓரம் தூக்கியிருந்தா காண்டாக்ட் பசை போடுவீங்க இல்லையா, அதை மூடுபனி நாளில் செய்ய வேண்டாம். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், அதில் பனி படிஞ்சிடும். தொட்டா ஒட்டற மாதிரி இருக்கும், ஆனா பிடிக்காது. வெயில் அடிக்கிற நாளில், ரெண்டு பக்கமும் தடவி பதினஞ்சு நிமிஷம் காயவிட்டு அழுத்துங்க.

கேட்பவர், கோத்தகிரி

சரிண்ணா. முதலில் காய வைக்கிறேன். 20 இன்ச் பேஸுக்கும் இப்பவே ஹெட் வாங்கிடலாமா?

டிரம் டெக், ஊட்டி

வேண்டாம். பேஸின் சுற்றளவு 1595 மி.மீ.க்குள்ள இருக்கான்னு ஷெல் காஞ்ச பிறகு அளந்துட்டு வாங்குங்க. தாண்டினால் அங்கேயும் முதலில் ராப்பை வெட்டணும்.