9 வாட் யூவி பல்பு பினாங்கில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். 4 அடி மீன்தொட்டி, ஏறக்குறைய 240 லிட்டர். தண்ணீர் பச்சையாகி 10 நாளாயிற்று, பாசியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு ஓடியும் தெளியவில்லை. பம்பை மணிக்கு 1,200 லிட்டரிலிருந்து 500-க்குக் குறைத்தாயிற்று. வேகமாக ஓடினால் பாசிமேல் கதிர் படும் நேரம் போதாது. பல்பை மூடியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் படிந்த வெள்ளைப் படலத்தையும் வினிகரில் ஊறவைத்துத் துடைத்தாயிற்று. மிச்சம் பல்புதான், 14 மாதம் நிற்காமல் எரிந்தது. நீல வெளிச்சம் வருகிறதே என்று சொல்லாதீர்கள். பாசியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் (யூவி-சி) 8,000, 9,000 மணி நேரத்தில் தளர்ந்துவிடும், வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் ஜி23 வகை அடிப்பாகமுள்ள 2 பின் யூவி-சி பல்பு எந்தக் கடையில் இருக்கும், எத்தனை வெள்ளி? 4 பின் பொருந்தாது. அதே அடிப்பாகமுள்ள மேசைவிளக்குப் பல்பும் வேண்டாம். எரியும், ஆனால் அதன் கண்ணாடி யூவி-சியை வெளியே விடாது. மூடியில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தனியாகக் கிடைக்குமா? பழையதில் வெடிப்பு, மூடி ஓரம் சொட்டுகிறது, அதனால் பிளக்கைப் பிடுங்கியாயிற்று.