பெரியப்பா மணிவிழா குழு: லாட்ஜ் அறைக்குள் வந்த பூச்சிகள்

*வெள்ளி இரவு*

கோவை அத்தை: எல்லாரும் வந்து சேர்ந்தாச்சா? நாங்கள் திருக்கடையூர் லாட்ஜுக்கு வந்துவிட்டோம். அறை பரவாயில்லை, ஆனால் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. பேத்தி கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். உங்கள் மாமா செருப்பைக் கையில் எடுத்துவிட்டார். கீழே கூப்பிட்டால் போனை எடுக்க ஆள் இல்லை.

குத்தாலம் சித்தப்பா: அக்கா, அத்தானைச் செருப்பைக் கீழே போடச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். தள்ளி நின்றே ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

கோவை அத்தை: (போட்டோ)

குத்தாலம் சித்தப்பா: நினைத்தது சரிதான். இது வலை பின்னாத வகை. பகலில் கதவு இடுக்கில், அலமாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்கும், ராத்திரி சுவரில் சுற்றிக் கரப்பான் பிடித்துத் தின்னும். போட்டோவைப் பெரிதாக்கி வயிற்றுக்கு அடியில் பாருங்கள், வெள்ளையாக, வட்டமாக, தட்டையாக ஒன்று தெரியும். அது முட்டைப் பை. பெட்டைப் பூச்சி அதை விடாமல் சுமந்துகொண்டே திரியும். இப்போது செருப்பால் அடித்து அந்தப் பை கிழிந்தால், உள்ளே பொரிந்த குஞ்சு இருந்தால் நூற்றுக்கணக்கில் அறை முழுக்கச் சிதறும், அப்புறம் ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை.

கோவை அத்தை: ஐயோ, கடித்து வைத்தால்? சின்னக் குழந்தை இருக்கிறாள் தம்பி.

குத்தாலம் சித்தப்பா: ஆளைத் தேடி வந்து கடிக்கிற ஜாதி இல்லை அக்கா. கையால் பிடித்து அழுத்தினால் கடிக்கும், அப்படிக் கடித்தாலும் கொஞ்ச நேரம் வலியும் வீக்கமும் இருக்கும், அதற்கு மேல் இல்லை. பயமாக இருக்கிறது என்றால் அடிக்காமல் வெளியேற்றலாம். பலகாரம் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பா இருக்கும் இல்லையா, அதை மெதுவாக மேலே கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் மணிவிழா அழைப்பிதழ் அட்டையைக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து நகர்த்த வேண்டும், அவசரப்பட்டால் ஓடிவிடும், ஓட்டம் ரொம்ப வேகம். அப்புறம் அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராந்தா சுவர் ஓரமாக விட்டுவிடுங்கள்.

பெரியம்மா: குட்டியிடம் சொல்லுங்கள், திருவானைக்காவில் சாமிக்கு மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதான் அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. யானை அந்த வலையைக் கலைத்த கோபம் மறக்காமல், யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினார். நம் கும்பகோணம் பக்கம் நல்லூர்க் கோயிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்குப் போவதற்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

கோவை அத்தை: சொன்னேன் அண்ணி, இறங்கி வந்து கதவு ஓரமாக நின்று பார்க்கிறாள். உங்கள் மாமா டப்பாவில் பிடித்துவிட்டார். வராந்தாவில் விட்டாச்சு. ஆனால் எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் தோலில் கொப்புளம் வரும் என்று எங்கள் மாமியார் எப்போதும் சொல்வார்களே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லட்டுமா?

நர்ஸ் அக்கா: கழுவினால் நல்லதுதான் அத்தை. ஆனால் அந்தக் கொப்புளத்துக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்காலம் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இதே கதையோடு வருகிறார்கள். தூங்கி எழுந்தால் கழுத்தில், கன்னத்தில் கோடு போட்ட மாதிரி சிவந்து எரிகிறது, பல்லி எச்சம், சிலந்தி எச்சம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது ஆசிட் பூச்சி. அப்பா, நீங்கள் சொல்லுங்கள், உங்கள் வயல் ஆள்தானே அது.

குத்தாலம் சித்தப்பா: ஆமாம், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், எல்லாரும் படியுங்கள், ஏனென்றால் இன்றைக்கு மழை விட்டிருக்கிறது, லாட்ஜைச் சுற்றி நாலு பக்கமும் சம்பா வயல், வராந்தா முழுக்க டியூப் லைட். ஆசிட் பூச்சி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒல்லியாக நீளமாக, உடம்பு கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும், நடுமுதுகில் மட்டும் நீலமோ பச்சையோ மினுங்கும். நெல் வயலில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சியையும் இலைச்சுருட்டுப் புழுவையும் தின்கிற பூச்சி, அங்கே நமக்கு வேலை செய்கிற பூச்சி. ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து வரும்போதுதான் தொந்தரவு. அதற்குக் கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. கழுத்தில் ஊர்கிறது என்று நாம் தட்டி நசுக்குகிறோம் பாருங்கள், அப்போது அதன் உடம்பில் இருக்கிற நீர் நம் தோலில் தேய்கிறது, அந்த நீரில்தான் விஷம். உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் எரியும், சிவக்கும், அப்புறம் கொப்புளிக்கும். ராத்திரி வந்த பூச்சி காலையில் இருக்காது, அறையின் மூலையில் ஒட்டடையும் சிலந்தியும் மட்டும் கண்ணில் படும், பழி அதன் தலையில் விழுந்துவிடுகிறது. இத்தனை வருஷமாக எத்தனை சிலந்தியை இதற்காக அடித்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வயலில் ஓநாய்ச் சிலந்தி என்று ஒன்று உண்டு, ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும், சிலந்தி இருக்கிற வயலில் கண்டபடி மருந்து அடிக்காதீர்கள் என்று வேலையில் இருந்த காலம் முழுக்க விவசாயிகளிடம் மன்றாடியிருக்கிறேன்.

நான்: சித்தப்பா, அப்படியானால் மேலே ஊர்ந்தால் என்ன செய்வது?

குத்தாலம் சித்தப்பா: ஊதிவிடு. இல்லை என்றால் ஒரு காகிதத்தை நீட்டி அதில் ஏறவிட்டு உதறிவிடு. கையால் தொடாதே. வராந்தா லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கட்டிலை லைட்டுக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளிப் போடுங்கள்.

சென்னை அண்ணன்: சித்தப்பா, சாயந்திரம் வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, தட்டிவிட்டேன். என்ன பூச்சி என்று பார்க்கவில்லை.

நர்ஸ் அக்கா: அண்ணா, இப்போதே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவு. கழுத்து மட்டும் இல்லை, தட்டின கையையும் கழுவு. அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதே, கண்ணில் பட்டால் வீங்கிவிடும். சட்டையையும் மாற்றிவிடு.

சென்னை அண்ணன்: சரிம்மா.

அண்ணி: மாமா, எங்கள் அறையில் வேறு பிரச்சினை. சின்னவன் படுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு, சொறிந்துகொண்டே இருக்கிறான். கொசுவாக இருக்குமோ என்று பார்த்தால் கொசுவே இல்லை.

குத்தாலம் சித்தப்பா: அம்மா, பையனை எழுப்பி நாற்காலியில் உட்கார வை. பெட்ஷீட்டை உருவிவிட்டு, போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் ஓரத்தைப் பார். மூலையில் இருந்து ஆரம்பி. அப்புறம் தலைமாட்டுப் பலகை, அது கட்டிலோடு சேர்கிற இடம், ஆணி ஓட்டை. கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருக்கிறதா, மை தெறித்தமாதிரி?

அண்ணி: (போட்டோ) இருக்கிறது மாமா. தையல் மடிப்புக்குள் வரிசையாக. ஒன்று நகர்கிறது. கொள்ளு அளவு இருக்கிறது, தட்டையாக, பழுப்பு நிறம்.

குத்தாலம் சித்தப்பா: மூட்டைப்பூச்சி. சந்தேகமே இல்லை. இந்த அறையில் படுக்க வேண்டாம்.

கோவை அத்தை: அந்தக் காலத்தில் சினிமா கொட்டகையில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். அப்பா கயிற்றுக் கட்டிலை வாசலில் சாய்த்துப் போட்டு வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். ஸ்பிரே வாங்கிவரச் சொல்லேன், அடித்துவிட்டுப் படுக்கலாம்.

குத்தாலம் சித்தப்பா: அப்பா செய்தது சரியான வைத்தியம் அக்கா. 50 டிகிரி சூட்டை அதனால் தாங்க முடியாது, முட்டையும் தப்பாது. ஆனால் ஸ்பிரே வேண்டாம். அது படுகிற இடத்தில் இருக்கிற நாலு சாகும், மற்றதெல்லாம் சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குப் போகும். பல மருந்துக்கு அது எப்போதோ பழகிவிட்டது. அதோடு மருந்து அடித்த மெத்தையில் குழந்தையைப் படுக்க வைப்பதா? மண்ணெண்ணெய் தெளிக்கிற யோசனையும் யாருக்கும் வேண்டாம், நெருப்புப் பயம்.

நர்ஸ் அக்கா: அண்ணி, தம்பிக்குத் தடிப்பைக் குளிர்ந்த தண்ணீரில் துடைத்துவிட்டுக் அரிப்புக்குப் போடுகிற கலமைன் லோஷன் இருந்தால் தடவுங்கள். மூட்டைப்பூச்சி கடித்து எந்த நோயும் பரவுவதாகத் தெரியவில்லை, அதனால் பயப்பட வேண்டாம். சொறிந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் போதும், நகம் வெட்டிவிடுங்கள்.

அண்ணி: வேறு லாட்ஜுக்குப் போய்விடலாமா? மயிலாடுதுறைக்குப் போனால்?

சென்னை அண்ணன்: விசாரித்தேன். ஐப்பசிக் கடைசி நாள் காவிரியில் முழுகுகிற கடைமுகத்துக்கு வந்த கூட்டம், மயிலாடுதுறையில் ஒரு அறைகூட இல்லை. இங்கேயும் நாளை முகூர்த்தம், எல்லாக் குடும்பமும் வந்து இறங்கிவிட்டது.

குத்தாலம் சித்தப்பா: அப்படியானால் அந்த லாட்ஜிலேயே அறை மாற்றிக் கேளுங்கள். ஆனால் பக்கத்து அறை வேண்டாம், நேர் மேலே, நேர் கீழே இருக்கிற அறையும் வேண்டாம். ஒரே சுவர், ஒரே பைப் சந்து, அதில் எளிதாகப் போய்வரும். வேறு தளத்தில், மறுகோடியில் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், போட்டோவைக் காட்டினால் போதும். பெட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அண்ணி: கட்டில் மேலேதான் ஒன்று. மற்றது தரையில்.

குத்தாலம் சித்தப்பா: இரண்டையும் உடனே பாத்ரூமுக்குள் கொண்டுபோய் வை. டைல்ஸ் தரையில் அதற்கு ஒளிய இடம் இல்லை, வந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இது எந்த ஊருக்குப் போனாலும் பழக்கமாக இருக்கட்டும், மெத்தையைப் பார்க்கிற வரைக்கும் பெட்டி பாத்ரூமில்தான். புது அறையிலும் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும்.

அண்ணி: மேனேஜர் வந்துவிட்டார் மாமா. போட்டோ பார்த்ததும் மறுபேச்சு இல்லை, கீழ்த்தளத்தில் கடைசி அறை கொடுத்துவிட்டார். தையல், பலகை, ஆணி ஓட்டை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை. மேலே மூலையில் மட்டும் ஒட்டடை, நீளக் கால் சிலந்தி, துடைப்பம் பட்டதும் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுகிறது.

குத்தாலம் சித்தப்பா: அது இருக்கட்டும், கொசு பிடிக்கும். கீழ்த்தளம் என்பதால் இன்னொன்று, மழைக்குப் பாத்ரூம் தண்ணீர் போகிற துவாரம் வழியாகப் பூரான் ஏறும். துவாரத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

பெரியம்மா: சரி, எல்லாரும் படுங்கள். பூர்ணாஹுதி காலை ஏழரைக்கு, ஐந்து மணிக்குக் காபி வந்துவிடும்.

*ஞாயிறு மாலை*

சென்னை அண்ணன்: (போட்டோ) நேற்று ராத்திரி எரிய ஆரம்பித்தது, இன்றைக்கு இப்படி இருக்கிறது. கழுத்தில் இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு.

நர்ஸ் அக்கா: அதேதான் அண்ணா. நீ உடனே கழுவியது நல்லதாயிற்று, கொப்புளம் சின்னதாகத்தான் இருக்கிறது. கிள்ளாதே. சுண்ணாம்பு, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். ஈரத்துணி வை, நாளைக்குத் தோல் டாக்டரிடம் காட்டி ஒரு களிம்பு வாங்கிக்கொள். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும், கறுப்புத் தடம் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும்.

அண்ணி: மாமா, வீட்டுக்கு வந்துவிட்டோம், பெட்டி இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது. துணியை என்ன செய்வது?

குத்தாலம் சித்தப்பா: பருத்தித் துணி எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் ஊறப்போடு, வாஷிங் மெஷின் இருந்தால் 60 டிகிரியில் ஓட்டு. பட்டுப்புடவைக்கு அது ஆகாது, வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, நீராவி இஸ்திரி போடுகிற கடையில் கொடு. பெட்டியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், ஜிப் ஓரம், உள் துணியின் தையல், சக்கரத்தின் சந்து. வேக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டு, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வை. வெயிலில் வைத்தால் மட்டும் போதும் என்று விட்டுவிடாதே, ஐப்பசி வெயிலுக்கு அந்தச் சூடு வராது. சாப்பாடு இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் கட்டின பையைச் சீக்கிரம் அவிழ்க்காதே.

அண்ணி: சரி மாமா, இப்போதே தண்ணீர் காய வைக்கிறேன்.

கோவை அத்தை: தம்பி, தை மாதம் எங்கள் நாத்தனார் வீட்டுக்காரருக்கு எழுபது வயதுப் பீமரத சாந்தி, அதே லாட்ஜில் ஆறு அறை கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லட்டுமா?

குத்தாலம் சித்தப்பா: வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை அக்கா. கிளம்பும்போது மேனேஜரோடு உட்கார்ந்து பேசினேன், பொறுமையாகக் கேட்டார். அந்தக் கட்டிலைப் பிரித்து, பலகை இடுக்கில் எல்லாம் கொதிநீர் ஊற்றி, மெத்தையை மாற்றி, ஆணி ஓட்டையை மக்குப் பூசி அடைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்யச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் மட்டும் இப்போது கட்ட வேண்டாம். மார்கழியில் நான் திருக்கடையூர் போகிறேன், ஆறு அறையையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போட்டோ போடுகிறேன், அப்புறம் கட்டச் சொல்லுங்கள்.