கயாக்கில் இருக்கையை எங்கே வைப்பது? அணியம் (படகின் முன்பக்கம்) முங்குது, காற்றைப் பார்த்தே திரும்புது

கேள்வி (ராஜாக்கமங்கலம்):
4 மி.மீ. மரைன் பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து எப்பாக்ஸி பூசிச் செய்த கயாக் (குறுகலான துடுப்புப் படகு). நீளம் 4.6 மீட்டர், அகலம் 60 செ.மீ., வெறும் படகு 22 கிலோ, என் எடை 75. 35 செ.மீ. இருக்கையின் நடு, படகின் சரிபாதியில் இருக்கு. மணக்குடிக் காயலில் இறக்கினால் அணியம் பின்பக்கத்தைவிட 2 செ.மீ. கூடுதலாக முங்குது. கச்சான் (மேல்காற்று) அடித்தால் மூக்கு காற்று வரும் பக்கமே போகுது. பின்பக்கம் அடியில் ஸ்கெக் (துடுப்பு மாதிரி ஒரு சின்னத் தகடு) வைத்தால் சரியாகுமா?

பதில் (குளச்சல்):
ஸ்கெக் அப்புறம் அண்ணே, முதல்ல இருக்கை. கால் நீட்டி உட்காரும்போது உடம்பின் எடை மையம் இருக்கையின் நடுவில் விழாது. முதுகிலிருந்து 20 முதல் 30 செ.மீ. முன்னால், தொடைப் பக்கம் விழும். உங்க முதுகு பாதிக்கு 17 செ.மீ. பின்னால்தான் இருக்கு. அதனால் எடை முன்னால் தள்ளுது, அணியம் தண்ணியைப் பிடிக்குது, லேசான பின்பக்கத்தைக் காற்று ஒதுக்குது.

உங்க அளவை நீங்களே எடுங்க. தரையில் பிவிசி பைப், அதன் மேல் நீளப் பலகை. வெறும் பலகை பைப்பில் சமமாக நிற்கட்டும். பிறகு லைஃப் ஜாக்கெட்டோட, கால் நீட்டி, துடுப்பைப் பிடித்து உட்காருங்க. பலகையை அசைக்காமல் நீங்கதான் நகரணும். சமமானதும் முதுகுக்கும் பைப்புக்கும் உள்ள தூரத்தை அளங்க.

இருக்கையைக் கழற்றும் முன் ஒரு சோதனை: உட்காரும் இடத்துக்கு 1.5 மீட்டர் பின்னால் 5 லிட்டர் தண்ணிக் கேனைக் கட்டுங்க. 75 கிலோவை 10 செ.மீ. பின்னால் நகர்த்துவதும் இதுவும் ஒரே கணக்கு. மூக்கு நேரானால் இருக்கைதான் காரணம். கேனை நிரந்தரமாக விடக் கூடாது. நுனியில் பாரம் இருந்தால் அலையில் படகு எழும்பாது. பொழிமுகம் (காயல் கடலில் சேரும் வாய்) பக்கம் போகாமல், காலையில் காற்று லேசாக அடிக்கும் நேரம் பாருங்க.

பதில் (தேங்காய்ப்பட்டணம்):
கூடவே இரண்டு விஷயம். இருக்கை 10 செ.மீ. பின்னால் போனால் கால் மிதியும் 10 செ.மீ. போகணும், இல்லன்னா முழங்கால் டெக்கில் முட்டுக் கொடுக்காது. உட்காரும் திறப்பின் பின்விளிம்பு முதுகில் இடிக்குதான்னும் பாருங்க. இடித்தால் கவிழும்போது வெளியே வர சிரமம். அப்படியானால் முதுகுப்பட்டையைத் தாழ்த்துங்க. உயரத்தையும் கூட்டாதீங்க. அடிப்பலகைக்கு மேல் 2 செ.மீ. போதும், 5 ஆனால் ஆட்டம் தெரியும்.

கேட்டவர்:
கேன் கட்டினதும் நேரா ஓடுச்சு. பலகையில் 27 செ.மீ. வந்தது. ஏற்கெனவே இருந்த 17 போக, இருக்கையை 10 செ.மீ. பின்னால் தள்ளினேன், இரண்டு நுனியும் ஒரே மட்டம். அடியில் ஸ்க்ரூ போடட்டுமா?

பதில் (குளச்சல்):
வேண்டாம். துளை போட்ட இடத்தில் பிளைவுட்டின் உள்ளடுக்கு உப்புத்தண்ணி குடித்து ஊறிடும். அடர்ந்த ஈவா ஃபோமை (கெட்டியான நுரைத் தகடு) வெட்டி, ஃபோமிலும் ஒட்டும் இடத்திலும் ரப்பர் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்க. ஒட்டும் முன் வெல்க்ரோவில் நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்க. பின்னால் சாமான் வைத்துப் போறதா இருந்தா, அந்தப் பாரத்தோடவும் ஒரு முறை. பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்தால் மூக்கு காற்று போகும் பக்கமே திரும்பும். அப்போ 2 செ.மீ. முன்னால் கொண்டு வாங்க.