பேப்பர் கடை கவுண்டரில் கேட்ட பழைய லண்டன்

தென்லண்டனில் மிட்சம் என்ற ஊரில் 1995 கடைசியிலிருந்து ஒரு பேப்பர் கடை நடத்துகிறேன். பழைய இங்கிலாந்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலர் எழுதியதை வாசித்தேன். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, வாசலில் பால் போத்தல், நிலக்கரி அடுப்பு என்று நிறைய வந்துவிட்டது. நான் எழுதப் போவது, அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள் விடியக்காலையில் என் கவுண்டருக்கு முன்னால் நின்று சொன்ன கதைகளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவனிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

கடையை எனக்கு விற்றவர் ஒரு குஜராத்திக்காரர். 1972இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னபோது, உகண்டாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஏறத்தாழ 28,000 பேரில் அவரும் ஒருவர். விடிய நாலரைக்குப் பேப்பர் கட்டுகள் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமையென்றால் இணைப்புகளைச் செருகி, வீடுகளுக்குப் போகவேண்டியவற்றில் பென்சிலால் வீட்டு இலக்கம் எழுதி வைக்கவேண்டும். இதையெல்லாம் ஒரே நாளில் காட்டித் தந்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஆள் வாசலில் தெரியும்போதே அவருடைய பேப்பரைக் கையில் எடு. பிறகு வெளியே எப்படிக் குளிர் என்று கேள். மற்றதை அவர்களே சொல்வார்கள்." அப்படியே நடந்தது.

அந்த நாட்களில் கவுண்டருக்குப் பின்னால் இனிப்புகளைப் பெரிய போத்தல்களில் அடுக்கி வைத்திருந்தோம். கிழமைக்கு ஒருமுறை ஓர் அம்மா, பென்சன் புத்தகத்தைக் கொடுத்துத் தபாற்கந்தோரில் காசு எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வருவார். எப்போதும் கால் றாத்தல் 'பெயார் ட்ரொப்ஸ்' இனிப்புதான். போர் முடிந்து எட்டு வருடமாகியும் இங்கே இனிப்புக்குப் பங்கீட்டுக் கூப்பன் இருந்ததாம். 1949 ஏப்ரலில் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். சனம் அள்ளிக்கொண்டு போனதில் கடைகள் வெறுமையாகிவிட, ஓகஸ்ட்டில் மறுபடி கூப்பன். கடைசியில் 1953 பெப்ரவரி 5ஆம் திகதிதான் முற்றாக எடுத்தார்கள். அன்றைக்கு அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கையில் மூன்று பென்னியோடு ஓடிப்போய்ப் பிள்ளைகள் வரிசையில் நின்றதை, நேற்று நடந்ததுபோலச் சொல்வார். முதல் இனிப்பைக் கடிக்காமல் வீடு வரைக்கும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தாராம்.

நான் பதிலுக்கு 1990க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொன்னேன். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் படித்தோம் என்றேன். இரக்கத்தோடு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்கு வரும்?" என்று கேட்டார். தட்டுப்பாட்டுக்குள் வளர்ந்த ஆளால்தான் அப்படிக் கேட்க முடியும். அவர்கள் ஏன் என்னிடம் பழங்கதை சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கூப்பன் என்றால் விலைக்கழிவு. எனக்கு அது வேறு.

2000 ஜனவரியிலிருந்து நிறுத்து விற்கும் சாமான்களுக்குக் கிலோ, கிராம் கட்டாயமானது. வாழைப்பழத்தை றாத்தல் கணக்கில் விற்றதற்காக சண்டர்லண்ட் சந்தை வியாபாரி ஒருவருக்கு 2001இல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி நாடே அதைப் பற்றிக் கதைத்தது. என் கடையில் அந்த அம்மா கால் றாத்தல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் 113 கிராம் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அவர் வரவைக் குறைத்தது பென்சன் புத்தகம். 2003க்கும் 2005க்கும் இடையில் அந்தப் புத்தகங்களை நிறுத்திப் பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றினார்கள். செலவு மிச்சம், களவும் குறையும் என்றார்கள். சரிதான். ஆனால் கிழமைக்கு ஒருநாள் நல்ல கோட் போட்டு, லிப்ஸ்டிக் பூசி வெளியே வருவதற்கு அவருக்கிருந்த காரணத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் கவலை.

இன்னொருவர் பார்படோஸ்காரர், ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர். போருக்குப் பிறகு லண்டன் பஸ்களுக்கு ஆள் போதாமல், 1956இலிருந்து பார்படோஸுக்கே போய் ஆள் சேர்த்தார்கள். அப்படி வந்தவர். பின்பக்கம் திறந்த மேடையோடு ஓடிய ரூட்மாஸ்டர் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பேப்பரை மறந்துவிடுவார். மணி ஒருதரம் அடித்தால் நில், இரண்டுதரம் அடித்தால் போ, மூன்றுதரம் அடித்தால் பஸ் நிறைந்துவிட்டது. கவுண்டரில் விரலால் தட்டிக் காட்டுவார். யார் எந்தத் தரிப்பில் இறங்குவார், எந்தக் கிழவிக்குக் கை கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வழக்கமான சேவையில் கடைசி ரூட்மாஸ்டர் 2005 டிசம்பர் 9ஆம் திகதி 159ஆம் இலக்கப் பாதையில் ஓடியது. பிரிக்ஸ்டனில் வீதியோரம் நின்று பார்த்தாராம். அடுத்த நாள் பேப்பர்களில் அதே படம். ஐந்து விதமான பேப்பர் வாங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களால் அந்தப் பஸ்ஸில் ஏற முடியாது, மாற்றியது நியாயம்தான் என்று அவரே சொன்னார். கொண்டக்டர் இல்லாத பஸ்ஸில் யார் யாரோடு கதைப்பது என்று உடனேயே கேட்கவும் செய்தார்.

பழைய காலம் தங்கம் என்று யாராவது அவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் விடமாட்டார். தான் வந்த புதிதில் அறை தேடிப் போன வீடுகளின் யன்னலில், கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அட்டை தொங்கியது. வீடு, வேலை விஷயத்தில் அப்படிப் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடுத்தது 1968இல்தான். அறை கிடைத்தாலும் மீற்றருக்குள் ஷில்லிங் போட்டால்தான் சூடு. காலையில் யன்னலின் உட்பக்கம் பனி உறைந்திருக்கும். அந்த இங்கிலாந்து திரும்பி வரவேண்டாம் என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் என்பதால்தான் அவருடைய ஏக்கத்தை நான் முழுதாக நம்பினேன்.

மிட்சத்துக்கு ஒரு பெருமை உண்டு. அங்கிருக்கும் பசும்புல் வெளியில் 1685இலிருந்து கிரிக்கெட் ஆடுவதாகச் சொல்வார்கள். உடைமாற்றும் கட்டடம் வீதிக்கு இந்தப்பக்கம், மைதானம் அந்தப்பக்கம். மட்டையோடு வருபவர் கார் போகும்வரை நின்று பார்த்துத்தான் ஆடப் போகவேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளி எழுதும் ஒரு பெரியவர் என் கடைக்கு வருபவர். 1996 மார்ச்சில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற மறுநாள் காலை, கடைக்குள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்த நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்தேனோ அதே நாட்டுக்காக எனக்கு வாழ்த்து. வாசிக்கும் உங்களுக்கு அந்தச் சிக்கல் விளங்கும். அவருடைய முகத்திலிருந்த சந்தோசத்தைப் பார்த்து, நன்றி என்று சொல்லி ஏற்றுக்கொண்டேன்.

1998 ஓகஸ்ட்டில் முரளிதரன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் பதினாறு விக்கெட்டுகளை எடுத்தார். அந்த முறை நானே முந்திக்கொண்டு கதையைத் தொடங்கினேன். பெரியவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, 1956இல் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அதே ஓவலில் ஜிம் லேக்கரைப் பார்த்த கதையைச் சொன்னார். சரே அணிக்காக அவுஸ்திரேலியர்களின் பத்து விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில், 88 ஓட்டங்களுக்கு எடுத்தார் லேக்கர். விக்கெட் எடுத்தால் துள்ளமாட்டாராம், காற்சட்டையை இழுத்துவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவாராம். வரிசையில் பின்னால் நின்றவர்களும் பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு வரிசையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2006இலிருந்து டெஸ்ட் போட்டிகளைப் பார்க்க மாதச் சந்தா கட்டவேண்டி வந்தது. இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் ஆடிய 2005 ஆஷஸ் தொடரைத் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த அந்தப் பெரியவர், அதற்குப் பிறகு பேப்பரில் புள்ளி அட்டையை வாசித்தே ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்.

கடையில் நடந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனின் மாலைப் பேப்பரை 2009 ஒக்டோபரில் இலவசமாக்கினார்கள். வேலை முடிந்து பின்னேரம் வரும் கூட்டம் அந்த மாதத்தோடு போனது. 2011 ஜூலை 10ஆம் திகதி நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் கடைசியாக வந்தது. 1843இல் தொடங்கிய பேப்பர், தொலைபேசிகளை ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் மூடப்பட்டது. அதை ஒருநாளும் வாங்காதவர்கள்கூட அன்றைக்கு நினைவுக்காக வாங்கிப்போனார்கள். 2015இல் சிகரெட்டுகளைக் கதவு போட்டு மறைத்தோம், அது நல்லது.

2020 மார்ச்சில் நாடு அடைபட்டபோது, திறந்திருக்கலாம் என்று அனுமதித்த கடைகளில் பேப்பர் கடையும் இருந்தது. பேப்பர் போடும் பொடியன்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வயதானவர்களின் வீடுகளுக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன். கதவைத் தட்டிவிட்டுப் படலை வரைக்கும் பின்வாங்கி நிற்பேன். அவர்கள் வாசலில் நின்று கதைப்பார்கள். பாதிப் பேர் பேப்பரைப் பிரித்தே பார்ப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முதல்நாள் பேப்பர் மடிப்புக் குலையாமல் வாசல் மேசையில் கிடக்கும். புள்ளி எழுதும் பெரியவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "செய்தி எனக்கு வானொலியிலேயே கிடைக்கிறது. நீ வராவிட்டால் இன்றைக்கு என் குரலை நானே கேட்டிருக்கமாட்டேன்."

இன்றைக்குப் பேப்பருக்கென்று வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இணையத்தில் வாங்கிய சாமான்களின் பார்சல் எடுக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். தொலைபேசியை நீட்டுவார்கள், நான் ஸ்கேன் பண்ணுவேன், போய்விடுவார்கள். கடையின் வாடகையைக் கட்டித் தருவது அந்தப் பார்சல்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். போன சனிக்கிழமை முப்பது வயது தாண்டிய ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட நாட்களில் என் கடையிலிருந்து சைக்கிளில் பேப்பர் போட்டவர். ஃபிரெட்டோ சொக்லேட்டைத் தூக்கிப் பார்த்து, "இது பத்து பென்ஸுக்கு வித்த சாமான்" என்று மகளுக்குச் சொன்னார். பிறகு எந்த வீட்டில் நாய் துரத்தியது, நத்தாருக்கு யார் ஐந்து பவுண் தந்தது என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நின்றோம். அந்தப் பிள்ளை தகப்பனின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருக்களைப் பற்றி ஏங்குவதற்கு எனக்கும் உரிமை இருக்கிறது என்று முதன்முறையாகத் தோன்றியது.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் கடை நடத்தியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்கள் கவுண்டரில் கேட்டவற்றையும் எழுதுங்கள். முக்கியமாக, உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த வருடம் வரைக்கும் கால் றாத்தல் என்று கேட்டார்கள்? என் கடையில் கடைசியாகக் கேட்டது அந்த அம்மாதான்.