முகாமில் மலேரியா: புகையா, பீப்பாய் மூடியா?

பழைய வண்ணை:
'போரோ சுனாமியோ, முகாம் என்றால் சாயங்காலம் புகை அடியுங்கள், மலேரியா ஓடிவிடும்' என்று கடலோரக் காக்கை நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. முப்பது வருடம் மலேரியா தடுப்பு வேலை பார்த்தவன் நான். சென்னையில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, குடிதண்ணீர்ப் பீப்பாய், இவைதான் அதன் தாய்வீடு. பீப்பாய்க்கு மூடி போடாமல் தெருவில் புகை விட்டு என்ன பயன்?

கடலோரக் காக்கை:
மறுபடியும் மூடியா, பெரியவரே? 2004 சுனாமிக்குப் பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் தற்காலிகக் கொட்டகையில் கிடந்தவன் நான். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க மொண்டுகொண்டே இருக்கும் பீப்பாய்க்கு மூடி எங்கே நிற்கும்? எங்களைக் கடித்தது சாக்கடைக் கொசு.

பழைய வண்ணை:
அது க்யூலெக்ஸ், தம்பி. யானைக்கால் தரும், மலேரியா தராது. டார்ச் அடித்துப் பீப்பாய்க்குள் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கும் புழு க்யூலெக்ஸ். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருப்பது அனோபிலிஸ். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் புழு கொசுவாகாது.

எண்ணூர் அலை:
முதலில் நீங்கள் சொல்லும் முகாமில் இருப்பவர்கள் யார்? எல்லை தாண்டிய அகதிகளா, சொந்த ஊரிலேயே வீடிழந்தவர்களா?

கடலோரக் காக்கை:
குடிக்கவே தண்ணீர் இல்லை, இவர் கவிழ்க்கச் சொல்கிறார்! பாகிஸ்தானில் ஆப்கன் அகதிகளின் போர்வைக்கும் கூடாரத்துக்கும் பெர்மெத்ரின் என்ற கொசுக்கொல்லி மருந்து ஏற்றினார்களே, அங்கே யார் மூடி தேடினார்கள்?

பழைய வண்ணை:
எனக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி. போர்வை, வலை, சுவரில் அடிக்கும் மருந்து எல்லாம் மாதக்கணக்கில் தங்கும். புகை கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். நம் ஊர் ஸ்டீபன்சி 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது, பிறகு எத்தியோப்பியா, சூடான் வரை போய்விட்டது. அகதிகளும் அங்கே தண்ணீரைப் பிடித்துத்தான் வைக்கிறார்கள். மூடி, மூடி, மூடி!

மூலக்கொத்தளம்:
இரண்டு பேரும் மாத்திரையை மறந்துவிட்டீர்கள். விவாக்ஸ் என்ற வகை மலேரியாவின் கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும். அதைக் கொல்லப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் என் அம்மா நான்காம் நாளே நிறுத்தினார். இரண்டு மாதத்தில் மறுபடி குளிர், மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. இன்றிருந்து நாளை வேறு முகாமுக்குப் போகிறவர்களிடம் 14 நாளை யார் எண்ணுவது?

பழைய வண்ணை:
மாத்திரை சரிதான் அம்மா. ஆனால் பீப்பாய்?

கடலோரக் காக்கை:
போன மாதம் வஞ்சிரம் விலை பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினார். முப்பது வருடம் வேலை பார்த்தும் எங்கள் தெருவில் கொசு குறைந்ததா?

பழைய வண்ணை:
வஞ்சிரத்தில் பொய் சொன்னது யார் என்று ஊருக்கே தெரியும். அதை விடுங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டுப் பீப்பாய்க்கு மூடி இருக்கிறதா, இல்லையா?

கடலோரக் காக்கை:
இருக்கிறது, பாதி உடைந்தது. அதன் மேல் பூனை தூங்குகிறது. ஆறு மணிக்குப் புகை வண்டி வரும், கதவைத் திறந்து வைக்கப் போகிறேன்.

பழைய வண்ணை:
மீதிப் பாதி?