மும்பை தாஜ்: பேலஸ் விங்கா, டவர் விங்கா?

வேளச்சேரி_பயணி:
ஜனவரியில் அப்பா, அம்மாவோடு மும்பை போகிறோம். ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் கொலாபா தாஜ் மஹால் பேலஸில் தங்க எண்ணம். டவர் விங் அறை விலை குறைவாகக் காட்டுகிறது. கூடக் கொடுத்து பேலஸ் விங் எடுக்கலாமா? பழைய கட்டடத்தில் குளியலறை, லிஃப்ட் எல்லாம் பெரியவர்களுக்குச் சரிவருமா? திங்களன்று எலிபெண்டா தீவுக் குகைகளுக்குப் போகத் திட்டம்.

கல்தூண்:
பேலஸ் விங்தான் எடுங்கள். ஜாம்ஷெட்ஜி டாடா கட்டி, 1903 டிசம்பர் 16 அன்று திறந்தது அந்தக் கட்டடம். நடுவிலுள்ள படிக்கட்டு, பெரிய குவிமாடம், நீண்ட தாழ்வாரங்கள் எல்லாம் அங்கேதான். டவர் 1973இல் பக்கத்தில் எழுந்த அடுக்குமாடி. வசதிக்குக் குறைவில்லை, ஆனால் நீங்கள் தேடிப் போகும் பழமை அந்த அறைகளில் இராது. பெயரில் "பேலஸ்" இருப்பதால் பலர் பார்க்காமல் டவரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். உறுதிச் சீட்டில் "பேலஸ் விங்" என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழசு என்ற பயம் வேண்டாம். 2008 தாக்குதலில் சேதமான பேலஸ் பகுதியைப் பழுதுபார்த்து 2010 ஆகஸ்ட் 15 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். லிஃப்ட் உண்டு. தாழ்வாரம் நீளம் என்பதால் லிஃப்டுக்குப் பக்கத்து அறை, தொட்டிக்குள் ஏறி இறங்காமல் குளிக்கிற குளியலறை, இந்த இரண்டையும் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். வந்து இறங்கியபின் கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

மாதுங்கா_மணி:
விலையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பாருங்க. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18%. தளத்தில் 30,000 என்று இருந்தால் கையில் 35,400. காலை உணவு சேர்ந்ததா என்பதையும் அங்கேயே பாருங்க, மூணு பேருக்குத் தனியாகக் கொடுத்தால் நிறைய ஆகும்.

கடல் பார்த்த அறைக்கு விலை அதிகம். அது கிழக்கு முகம். துறைமுகத்துக்கு மேல் சூரியன் எழுவது தெரியும். அஸ்தமனம் வேணும்னா மெரைன் டிரைவுக்குத்தான் போகணும். கேட்வே ஆஃப் இந்தியாவை மேலிருந்து பார்க்கணும் என்பதுதான் ஆசைன்னா டவரின் மேல்மாடி நல்லது. மூணாவது ஆளுக்குக் கூடுதல் கட்டில் போட முடியுமா என்பது அறைவகையைப் பொறுத்தது, முதலில் அதைக் கேளுங்க.

தெற்கு மும்பைக்குள் ஆட்டோ வராது, பாந்திரா, சயனோடு நின்றுவிடும். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்தில் இறங்கினால் கறுப்பு-மஞ்சள் டாக்சிதான், மீட்டர் போடச் சொல்லுங்க. அறை மதியம் 2 மணிக்கு, காலி செய்வது 12க்கு. காலை ரயிலில் வந்தால் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுச் சுற்றலாம். வாசலில் பெட்டிகளை எக்ஸ்ரே சோதனை செய்வார்கள், அதற்கும் நேரம் வையுங்க.

கல்தூண்:
ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். திங்கட்கிழமை எலிபெண்டா குகை மூடியிருக்கும். செவ்வாய் காலை வைத்துக்கொள்ளுங்கள். படகு கேட்வேயிலிருந்தே புறப்படும், போக ஒரு மணி நேரம். தீவில் படி நிறைய, அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் டோலி பேசிக்கொள்ளலாம். 12 மணிக்குள் திரும்ப முடியாது, அதனால் அறையைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். திங்களன்று மாலை முதல்மாடி சீ லவுஞ்சில் தேநீர். ஜன்னலோர மேசை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.