'தேசபக்தன்' பழைய தாள் யார் வீட்டிலாவது இருக்கா?

பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எங்கள் வாசகசாலையில் பழைய நாளிதழ்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி போடுகிறோம். முக்கியமாகத் தேடுவது 'தேசபக்தன்'. 1917-இல் திரு.வி.க. தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு நடத்திய நாளிதழ். மறு ஆண்டு ஏப்ரலில் பி அண்டு சி மில் (பக்கிங்காம் அண்டு கர்நாடிக் துணி ஆலை) தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவோடு அவரும் முன்னால் நின்றார். 1920-இல் பத்திரிகை வ.வே.சு. ஐயர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே ஐயர் சிறைக்கும் போனார்.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்கத்தான் போகிறோம். ஆனால் மில்காரர் வீட்டுப் பரணில் கிடைக்கிற தாளுக்கு ருசியே வேறு! கிழிந்த அரைப்பக்கம் போதும். அச்சகத்தில் ஈய எழுத்து கோத்த தாத்தாக்களின் படம், எழுத்து கோக்கக் கையில் பிடிக்கும் கம்போசிங் ஸ்டிக் இருந்தாலும் சரி.

தாள் கிடைத்தால் மடிப்பைப் பிரிக்காதீர்கள், அப்பளமாக நொறுங்கிவிடும். தயவுசெய்து லேமினேஷனும் வேண்டாம். இங்கேயே சொல்லுங்கள், நாங்களே வந்து படம் எடுத்துக்கொள்கிறோம். தாள் உங்களிடமே இருக்கும்.